கடற்பசு சுவரோவியம்: வால் வட்டமா, பிளந்ததா? மாதிரிப் படம் தேர்வு செய்ய உதவி வேண்டும்

சுவர்க்கோடு_சேலம் கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் 12 அடி நீளம், 6 அடி உயரத்துக்குக் கடற்பசு வரையணும். தாயும் குட்டியும். படத்துக்குக் கீழே "பாக் நீரிணைக் கடற்பசு"ன்னு எழுதச் சொல்லியிருக்காங்க.

இணையத்தில் "கடற்பசு"ன்னு தேடினா வர்ற படங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. முக்கால்வாசிப் படத்தில் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணி, உருண்டை உடம்பு, மூஞ்சியெல்லாம் மடிப்பு, வால் வட்டமா விசிறி மாதிரி. சிலதில் மட்டும் வால் திமிங்கிலத்துக்கு மாதிரி ரெண்டாப் பிளந்திருக்கு. எது நம்ம கடல் விலங்கு? உடம்பு நீளத்துக்குத் தலை, துடுப்பு, வால் எந்த அளவில் வரணும்? நிறம் சாம்பலா, பழுப்பா, பச்சையா? பின்னணிக்குப் பவளப்பாறை போடலாமா? இணையத்தில் இருக்கிற ஒரு போட்டோவை அப்படியே எடுத்துப் பெரிசு பண்ணினா உரிமைப் பிரச்சினை வருமா?

சுவர் பழசு. பல வருஷமா சுண்ணாம்பு அடிச்ச சுவர். அடியில் ஒரு அடி உயரத்துக்கு உப்பு பூத்திருக்கு, வடக்குப் பக்கம் பாசியும் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தூரிகை_ஆழி எழுதியது:

நீங்கள் பார்த்தவை இரண்டு வெவ்வேறு விலங்குகள். வட்ட வால் உள்ளது மனாட்டி. பிளந்த வால் உள்ளது டியூகாங், நம் மீனவர் வழக்கில் ஆவுளியா. தமிழில் இரண்டுக்கும் "கடற்பசு" என்றே எழுதிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

மனாட்டியில் மூன்று இனம். ஒன்று ஃபுளோரிடா, கரீபியன் கடலிலிருந்து பிரேசில் வரை. இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் ஆறுகளிலும். மூன்றாவது அமேசான் ஆற்றில். இந்தியாவில் மனாட்டி கிடையவே கிடையாது. நம்மிடம் இருப்பது ஆவுளியா மட்டும்: மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார். ஆகவே உங்கள் சுவரில் வட்ட வால் வந்தால் அது அட்லாண்டிக் விலங்குக்கு ராமநாதபுரத்து விலாசம் எழுதினது போல.

இந்தக் குழப்பம் அறிவியல் பெயரிலேயே இருந்தது. 1776இல் விலங்கியலாளர் முல்லர் ஆவுளியாவுக்குப் பெயர் வைத்தபோது மனாட்டியின் பேரினமான டிரிக்கெக்கஸில்தான் சேர்த்தார். 1799இல் இன்னொரு விலங்கியலாளர் லாசெபேட் தனிப் பேரினம் ஆக்கினார்.

வரைபவர் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். வால் முதலில். மனாட்டி வால் கவிழ்த்த அகப்பை. ஆவுளியா வாலில் இரண்டு கூர் முனை, நடுவில் சின்னப் பிளவு, பின் விளிம்பு லேசாக உள்வளைவு.

அடுத்தது முகம். ஆவுளியாவின் மூஞ்சி கீழ்நோக்கி ஒடிந்தது போல் இருக்கும். மேலுதடு அகன்ற வட்டத் தகடாகக் கடல்தரையைப் பார்த்துத் தொங்கும், அதில் கட்டை முடிகள். பக்கவாட்டில் பார்த்தால் வாயே தெரியாது, தடித்த உதட்டின் மடிப்புதான் தெரியும். மனாட்டிக்கு மூஞ்சி இவ்வளவு வளையாது. மேலுதடு இரண்டாகப் பிரிந்து தனித்தனியே அசையும்.

துடுப்பு: மேற்கிந்திய, ஆப்பிரிக்க மனாட்டிகளுக்குத் துடுப்பு நுனியில் யானைக்குப் போல நகம் உண்டு, மூன்று நான்கு. ஆவுளியாவுக்கு நகமே இல்லை. போஸ்டர்களில் பிளந்த வாலும் நகமும் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கலாம். இரண்டு போட்டோவை ஒட்டி வரைந்தது அது. கணினி தானாக உருவாக்கும் படங்களும் இதையே செய்கின்றன, மனாட்டி முகத்தை ஆவுளியா உடம்பில் வைத்துவிடும். அவற்றை மாதிரியாக எடுக்கவே வேண்டாம்.

உடம்பு: மனாட்டி உரல் என்றால் ஆவுளியா உலக்கைக்குக் கொஞ்சம் பக்கம். துடுப்புக்குப் பின்னால் அதிகத் தடிமன், அங்கிருந்து வாலடி வரை சீராக ஒடுங்கும், வாலடியில் பக்கவாட்டில் தட்டையாகும். முதுகில் துடுப்பு கிடையாது. காது மடல் கிடையாது, ஊசித்துளை அளவு ஓட்டை மட்டும். ஆண்களுக்குத் தந்தம் உண்டு. ஆனால் உதட்டுக்கு வெளியே கொஞ்சம்தான் தெரியும். வால்ரஸ் போல நீட்டிவிடாதீர்கள்.

---

குவியம்36 எழுதியது:

மேலே சொன்னதோடு, போட்டோவை எப்படி வாசிக்கணும்னு சேர்த்துக்கங்க. நாம பார்க்கிற மனாட்டிப் படங்களில் நிறைய ஒரே ஊர்ப் பக்கம் எடுத்தவை: ஃபுளோரிடாவில் கிரிஸ்டல் ரிவர். அங்கே நிலத்தடி ஊற்றுத் தண்ணி வருஷம் பூரா ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் கடல் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினா மனாட்டிக்குத் தாங்காது, ஊற்றுக்கு வந்து கூட்டமாக் கிடக்கும். தண்ணி கண்ணாடி, விலங்கு தூக்கத்தில், ஆள் பக்கத்தில் நீந்தவும் அனுமதி உண்டு. அதனால்தான் நமக்கு மனசில் பதிஞ்ச "கடற்பசு" எப்பவும் நீலத் தண்ணியில் சும்மா மிதந்துக்கிட்டு, கேமராவைப் பார்த்து மூஞ்சி நீட்டுது. படம் எடுத்த இடத்தோட குணம் அது. விலங்கோட முழு வாழ்க்கைன்னு எடுத்துக்காதீங்க.

அந்தப் படங்களில் முதுகு பச்சையாத் தெரியுதே, அது தோல் மேல வளர்ந்த பாசி. மனாட்டிக்கு அது சகஜம். ஆவுளியாவுக்கு அந்தப் பச்சையைப் போட்டா தப்பு.

லென்ஸ் விஷயம் முக்கியம். தண்ணிக்குள்ளே தூரத்திலிருந்து எடுத்தா கலங்கிப்போகும், அதனால் 10-17 மி.மீ. மாதிரி மீன்கண் லென்ஸ் போட்டு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கிட்டப் போய் எடுப்பாங்க. கிட்ட இருக்கிற மூஞ்சி பூசணிக்கா ஆயிரும், வால் தேங்காய்ச் சில்லா சுருங்கிரும். அந்தப் போட்டோவைக் கட்டம் போட்டு அப்படியே சுவருக்கு ஏத்தினா தலை பெரிசான பொம்மைதான் வரும். ஒரு சோதனை: நேர்க்கோடா இருக்கவேண்டிய ஏதாவது (படகு விளிம்பு, கயிறு, அடிவானம்) ஓரத்தில் வில்லா வளைஞ்சிருந்தா அந்தப் படத்திலிருந்து அளவு எடுக்காதீங்க. முகத் தோல், முடி, கண் இதுக்கு மட்டும் வச்சுக்கங்க.

அளவுக்கு நல்லது டிரோன் படம். நேர் மேலிருந்து எடுத்ததில் உடம்பு நீளம், துடுப்பு எங்கே ஆரம்பிக்குது, வால் அகலம் எல்லாம் குழப்பமில்லாம அளக்கலாம். விலங்கு மேல்மட்டத்தில் இருக்கிறப்போ எடுத்த படமா, நேர் மேலிருந்து எடுத்ததான்னு மட்டும் பார்த்துக்கங்க. சாய்வா எடுத்திருந்தா நீளம் குறையும்.

நிறம்: தண்ணி முதலில் சிவப்பைத்தான் தின்னும். 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் போயிரும். வெறும் வெயில் வெளிச்சத்தில் எடுத்தா அதே ஆவுளியா நீலச்சாம்பல், ஃபிளாஷ் போட்டா பழுப்பு. ரெண்டு இனமோன்னு குழம்பவேண்டாம்.

நீருக்கடியில் எடுத்த ஆவுளியா படம் வேணும்னா எகிப்து செங்கடல் கரையில் மார்சா ஆலம், பிலிப்பைன்ஸில் புசுவாங்கா, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே, இந்த இடப் பேரோட தேடுங்க. பாக் விரிகுடாவில் தண்ணி கலங்கல், அந்த மாதிரிப் படம் கிடைக்கிறது அபூர்வம். கரையொதுங்கிச் செத்ததை எடுத்த செய்திப் படங்களை உருவத்துக்கு நம்பாதீங்க. வயிறு உப்பியிருக்கும், தோல் உரிஞ்சு வெளுத்திருக்கும், தரையில் சொந்த எடையிலேயே பரந்து கிடக்கும்.

உரிமை: அமெரிக்க மத்திய அரசுத் துறை ஊழியர்கள் பணியில் எடுத்த படங்களுக்கு அங்கே பதிப்புரிமை இல்லை, அவங்க மீன்-வனவுயிர்த் துறை படங்களை யாரும் எடுத்துக்கலாம். சிக்கல் என்னன்னா அவங்க ஊர் விலங்கு மனாட்டி. இலவசம்னு எடுத்தா மனாட்டிதான் கையில் வரும். நம்ம ஆவுளியா விழிப்புணர்வுப் பலகைகளில் வட்ட வால் முளைக்கிறதுக்கு இது ஒரு காரணம்னு நினைக்கிறேன். விக்கிமீடியா படங்களில் உரிம வரியைப் படிங்க: பேர் போடணும், சிலதில் உங்க படைப்பையும் அதே உரிமத்தில் விடணும். ஒரே போட்டோவைப் பெரிசு பண்றதை விட நாலஞ்சு படத்திலிருந்து அளவு எடுத்து, உங்க சொந்த நிலையில் வரையிறது எல்லா வகையிலும் நல்லது.

---

மலைக்காற்று எழுதியது:

மலைமேல் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்த வாலாக இருந்தால் என்ன? மனாட்டிதான் பார்க்க அழகு, சிரித்த முகம். அதையே போட்டுவிட்டு "கடற்பசு" என்று எழுதினால் போதாதா?

---

தூரிகை_ஆழி எழுதியது:

"கடற்பசு" என்று மட்டும் எழுதினால் விட்டுவிடலாம். "பாக்" என்ற சொல் சேர்ந்துவிட்டதே. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்தது. பிள்ளைகள் பாடத்திலும் செய்தியிலும் அந்த விலங்கைத்தான் சந்திக்கப் போகிறார்கள். இடப்பெயரையும் சரிபாருங்கள்: பாதுகாப்பகம் இருப்பது பாக் விரிகுடாவில். நீரிணை என்பது அதற்கு வடகிழக்கில் வங்கக் கடலோடு சேரும் குறுகல். பெரிய எழுத்தில் "ஆவுளியா", கீழே சின்னதாக "பாக் விரிகுடாக் கடற்பசு" என்றால் பொருத்தம்.

சிரித்த முகம் பற்றி. மனாட்டியும் சிரிப்பதில்லை, அந்த உதட்டு மடிப்பு நமக்கு அப்படித் தெரிகிறது. இந்த விலங்குகளை மனித முகமாக்கும் பழக்கம் பழையது. 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவின் கரையோரம் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், ஓவியத்தில் காட்டும் அளவுக்கு அழகில்லை என்றும் நாட்குறிப்பில் இருக்கிறது. மனாட்டியாக இருக்கும் என்பதே பொதுக் கருத்து. இந்த விலங்குகள் சேரும் அறிவியல் வரிசைக்கே சைரீனியா, அதாவது கிரேக்கக் கடற்கன்னி சைரன் பெயர்தான்.

அந்த நினைப்புக்கு உடலமைப்பில் ஓர் ஆதாரம் உண்டு, அது உங்கள் தாய்-குட்டிக்கும் தேவை. முலைக்காம்புகள் இரண்டே, துடுப்பின் அடியில், அக்குள் இடத்தில் இருக்கும். குட்டி பால் குடிப்பது வயிற்றோரம் அல்ல, துடுப்புக்குப் பின்னால் மூஞ்சியை நுழைத்து. மாடு போலப் பின்பக்கம் மடி வரைந்த படங்களும் சுற்றுகின்றன, பசு என்ற பெயர் செய்த வேலை.

பழைய அச்சுப் படங்களை மாதிரியாக எடுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஓவியர்கள் பலர் உயிருள்ளதைப் பார்க்காமல், உலர்ந்த தோலுக்குள் வைக்கோல் அடைத்த உருவத்தைப் பார்த்து வரைந்தார்கள். உலர்ந்தால் உதட்டுத் தகடு சுருங்கிப் பல் இளிக்கும், கழுத்து நீளும், உடம்பு பீப்பாய் ஆகும். கோட்டின் நேர்த்திக்காக ரசிக்கலாம், வடிவத்துக்கு நம்ப முடியாது. ஸ்டெல்லர் கடற்பசுவின் கதை இன்னும் மோசம். 1741-42இல் வட பசிபிக்கின் பேரிங் தீவில் இயற்கையியலாளர் ஸ்டெல்லர் நேரில் பார்த்து அளந்து எழுதினார். 1768க்குள் அந்த இனமே அழிந்தது. இன்று அதை வரைபவர்களுக்கு மிஞ்சியது எலும்பும் அவர் எழுதிய வரிகளும்தான். நமக்கு ஆவுளியா உயிரோடு இருக்கும்போதே தப்பாக வரைய என்ன அவசரம்?

---

புல்வெளி_கடல் எழுதியது:

பின்னணி பற்றி யாரும் சொல்லவில்லை. பவளப்பாறை வேண்டாம். ஆவுளியா மேய்வது கடற்புல்லை. அது வளர்வது வெளிச்சம் எட்டும் ஆழமில்லாத மணல், சேற்றுத் தரையில். கடற்புல் பாசி அல்ல, வேரும் தண்டும் பூவும் உள்ள செடி.

பெரும்பாலான படங்களில் வரும் தவறு உயரம். ஆளுயரத்துக்கு ஆடும் நீண்ட இலைகளை வரைந்துவிடுகிறார்கள். அவை குளிர்கடலின் கெல்ப் பாசி. பாக் விரிகுடாவில் ஆவுளியா மேயும் கடற்புல் வகைகளில் சைமோடோசியா சின்ன நாடா போல, அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள், நீளம் ஒரு சாண் வந்தால் அதிகம். சிரிங்கோடியம் சேமியாவைப் பச்சையாக நட்டுவைத்தது போல, உருண்டை இலை. ஹாலோஃபிலா முருங்கை இலை அளவில் முட்டை வடிவம், தரையோடு தரையாகப் படரும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் என்ஹாலஸும் அங்கே உண்டு, அதை ஓரத்தில் ஒரு கொத்து வைக்கலாம். விலங்கை நிஜ அளவில் வரைந்தால் புல்வெளி அரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் உடம்பின் பருமன் கண்ணுக்குப் படும்.

ஆவுளியா நுனிப்புல் மேயாது. வேர்த்தண்டோடு கிளப்பித் தின்னும், அதனால் புல்வெளியில் வளைந்து வளைந்து வெறும் மணல் தடம் விழும். தடத்தின் அகலம் அதன் முகத்தகட்டின் அகலம்தான், ஏறக்குறைய ஒரு சாண். நீளம் பல மீட்டர் போகும். இரண்டு மூன்று தடங்களை முன்னணியில் வரையுங்கள். மேயும் நிலையில் காட்டினால் வாயருகே மணல் புகை எழ வேண்டும். மேயாதபோது கலங்கல் தேவையில்லை.

மூக்கிலிருந்து குமிழி வரிசை விடாதீர்கள். மூக்குத்துளை இரண்டும் மூஞ்சியின் மேல்பக்கம், தண்ணீருக்குள் வால்வு போல மூடியிருக்கும். இரண்டு அரைநிலாக் கோடு போட்டால் போதும்.

துணைக்கு மீன் வேண்டுமென்றால் மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை உள்ள பாரை மீன் குஞ்சுகள் மூஞ்சிக்கு முன்னால் நீந்துவதைச் செங்கடல், ஆஸ்திரேலியப் படங்களில் காணலாம். ரெமோரா எனும் ஒட்டுமீன் வயிற்றில் ஒட்டியிருக்கும். மந்தையாகப் பத்துப் பதினைந்து ஆவுளியாக்களை நிரப்ப வேண்டாம். அவ்வளவு பெரிய கூட்டம் ஆஸ்திரேலியக் காட்சி. தாயும் ஒரு குட்டியும் சரியான தேர்வு. ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும்.

---

பட்டித்தகடு எழுதியது:

சுவர் வேலையைச் சரியாச் செய்யலைன்னா வால் எப்படி இருந்தாலும் ரெண்டு மழையில் உரிஞ்சிரும்ங்க.

முதலில் சுண்ணாம்பு. பழைய சுண்ணாம்பு மேல எமல்ஷன் அடிச்சா பெயின்ட் சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்புப் பொடியைத்தான் பிடிக்கும். காய்ஞ்சு இறுகும்போது பொடியோட சேர்த்து அப்பளமாத் தூக்கிரும். பட்டித்தகடும் வயர் பிரஷும் வச்சுச் சிமென்ட் தெரியிற வரைக்கும் சுரண்டுங்க. உள்ளங்கையால தேய்ச்சா வெள்ளை ஒட்டக் கூடாது. செல்லோடேப் ஒட்டிப் பிடுங்கிப் பாருங்க, பொடி வந்தா இன்னும் சுரண்டணும்.

பாசிக்குத் துணி வெளுக்கிற பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு. தடவி 20 நிமிஷம் விட்டு நல்லாக் கழுவி ரெண்டு மூணு நாள் வெயில் காட்டுங்க. கையுறை போடுங்க. அதோட ஆசிட் எதையும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பாசியை வெறுமனே சுரண்டி மேல அடிச்சா மிச்சப் பாசி உள்ளேயே இருந்து பெயின்ட்டைத் துளைச்சு வரும்.

உப்புப் பூத்த அடிப்பாகம்தான் தலைவலி. தரை ஈரம் செங்கல் வழியா ஏறுது, தண்ணி ஆவியாகும்போது உப்பை மேல விட்டுட்டுப் போகுது. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போகும். காய்ஞ்ச பிரஷால தட்டி எடுக்கணும். முன்பக்கம் மட்டும் வாட்டர்புரூஃப் பூசி அடைச்சா ஈரம் இன்னொரு அடி மேலே ஏறி, படத்துக்கு நடுவில் உப்பு பூக்கும். சுவர்காரங்க மண்ணை வெட்டித் தண்ணி வழிய வழி பண்ணாத வரைக்கும் அது நிக்காது. ஒரு தந்திரம் சொல்றேன்: கீழ் ஒரு அடியைக் கடல் மணலா வரைஞ்சிருங்க. அதை எமல்ஷனில் பண்ணாம, சுண்ணாம்பில் எல்லோ ஆக்ஸைடு கலந்து அடிங்க. சுண்ணாம்பு மூச்சு விடும், உப்பு பூத்தாலும் மணல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாது, வருஷம் ஒரு தடவை தொட்டு விட்டாப் போதும்.

ஈரம் இருக்கான்னு பார்க்க ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்தா அடிக்காதீங்க.

பிறகு வெள்ளைச் சிமென்ட் பட்டி, அக்ரிலிக் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டு, எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட்டு. 72 சதுர அடிக்குப் பிரைமர் ஒரு லிட்டர், அடித்தள நிறம் ஒன்றரை லிட்டர் தாராளம். சித்திர வேலைக்குத் தனியா வெள்ளை ஒரு லிட்டர், நடுச்சாம்பல் ஒரு லிட்டர் வச்சுக்கங்க.

ஏற்காட்டு நேரம் வேற. காலைப் பனி போய்ச் சுவர் காயப் பத்து மணி ஆகும். மதியம் மூணுக்கு மேல பெரிய பரப்பு எதையும் தொடாதீங்க. ஈரம் காயாத பெயின்ட் மேல ராத்திரிப் பனி விழுந்தா உள்ளே இருக்கிற சோப்புச் சத்து வெளியே கசிஞ்சு, பிசுபிசுன்னு பளபளக்கிற கறையா வழியும். அடர்ந்த நிறத்தில் நல்லாவே தெரியும். கோட்டுக்குக் கோட்டு நாலு மணி நேரம்னு டப்பாவில் போட்டிருக்கும், அது சேலத்து வெயிலுக்கு. மலைமேல மறுநாள்னு வச்சுக்கங்க. பிப்ரவரி, மார்ச் தான் வாகான மாசம்.

நிறம்: குளத்திலிருந்து எழுந்து பாதி காய்ஞ்ச எருமை நிறம், கொஞ்சம் பழுப்புத் தூக்கலா. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தா செத்த சாம்பல்தான் வரும். தயார் நடுச்சாம்பல் ஒரு லிட்டரில் பர்ன்ட் சியன்னா ஸ்டெய்னர் (செம்பழுப்பு நிறக்கூட்டு) 10 மில்லி விட்டு, அட்டையில் தடவிக் காயவச்சுப் பாருங்க. எமல்ஷன் காய்ஞ்சா ஒரு படி கருக்கும், ஈரத்தில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வயிற்றுக்கு அதே கலவையில் வெள்ளை சரிபாதி. ஸ்டெய்னர் மொத்தம் லிட்டருக்கு 30 மில்லி தாண்டக் கூடாது, தாண்டினா படலம் இறுகாது. வெயில் படற சுவரில் மஞ்சளுக்கு எல்லோ ஆக்ஸைடு, சிவப்புக்கு ரெட் ஆக்ஸைடு. பளீர் மஞ்சள், பளீர் சிவப்பு ஸ்டெய்னர் சீக்கிரம் வெளுக்கும்.

---

சுவர்க்கோடு_சேலம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏ4 தாளில் 24 செ.மீ.க்கு 12 செ.மீ. கட்டம் போட்டு ஸ்கெட்ச் பண்ணிட்டேன், 2 செ.மீ. ஒரு அடி. தாய் 9 அடி, குட்டி 4 அடி, தாய்க்கு முன்னால் நீந்துது. நேர்ப் பக்கவாட்டில் வச்சிருக்கேன். பிளந்த வால் நல்லாத் தெரியணும்னு மேலும் கீழுமா விரிச்சுட்டேன். கண்ணைப் பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற மாதிரிக் கொஞ்சம் பெரிசா வச்சிருக்கேன். குட்டி இடம் சரியா? முதுகில் வெட்டுக் காயம் போடலாமா? மனாட்டி படங்களில் நிறையப் பார்த்தேன்.

---

தூரிகை_ஆழி எழுதியது:

வாலை உடனே மாற்றுங்கள். மேலும் கீழுமாக விரிந்தால் அது மீன் வால். ஆவுளியா, மனாட்டி, திமிங்கிலம் எல்லாம் பாலூட்டிகள். முதுகெலும்பு மேல்கீழாக வளையும், ஆகவே வால் தரைக்கு இணையாகப் படுக்கையில் இருக்கும். நேர்ப் பக்கவாட்டில் பார்த்தால் வால் வெறும் தடித்த கோடுதான், பிளவு தெரியவே தெரியாது. உங்களுக்குப் பிளவு தெரிய வேண்டும். ஆகவே பார்வையைக் கொஞ்சம் மேலே தூக்கி, முக்கால் பக்கமாக மாற்றுங்கள். முதுகு லேசாக வில் போல வளைந்து, வால் கீழ்நோக்கி அடிக்கும் கணம். அப்போது வாலின் மேற்பரப்பு நம்மைப் பார்க்கும். உடம்பைப் பாம்பு போலப் பக்கவாட்டில் வளைக்க வேண்டாம்.

9 அடி என்றால் ஏறக்குறைய 2.7 மீட்டர், வளர்ந்த ஆவுளியாவின் நிஜ அளவே வந்துவிட்டது. அதற்கான கணக்கு: மூஞ்சி நுனியிலிருந்து துடுப்பு ஆரம்பிக்கும் இடம் 2 அடி. துடுப்பு நீளம் ஒன்றேகால் அடி. உடம்பின் அதிகத் தடிமன் 2 அடிக்குச் சற்று மேல். வால் விரிவு முழுதாகப் பார்த்தால் 3 அடிக்குள். உங்கள் கோணத்தில் சாய்வதால் உயரம் ஒரு அடிபோலத்தான் தெரியும்.

கண்: நிஜ அளவில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டக் கூடாது. இமை மயிர் வேண்டாம். பெரிய கண் வைத்தால் விலங்கு சின்னதாகிவிடும், 9 அடி உடம்பும் பொம்மையாகத் தெரியும். பிள்ளைகளைப் பிடிக்க வைக்க வேண்டுமானால் குட்டியை நன்றாக வரையுங்கள்.

குட்டி முன்னால் நீந்தாது. தாயின் முதுகுக்குச் சற்று மேலே அல்லது விலாவோரம் ஒட்டியபடி வரும். பிறந்த குட்டி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆகவே 4 அடி பொருந்தும். தாயை விட ஒரு படி வெளிர் நிறம் கொடுங்கள்.

---

குவியம்36 எழுதியது:

காயம் பத்தி: மனாட்டி முதுகில் வரிசையா வெட்டு இருக்கிறது படகு புரொப்பெல்லர் கிழிச்சது. அந்தத் தழும்பு அமைப்பை வச்சுத்தான் ஃபுளோரிடாவில் ஒவ்வொரு மனாட்டியையும் போட்டோவில் அடையாளம் கண்டு பட்டியல் வச்சிருக்காங்க. அதை எடுத்து ஆவுளியா மேல போட்டா இன்னொரு விலங்கோட அங்க அடையாளத்தைத் திருடின மாதிரி. ஆவுளியாவுக்கு வேற தழும்பு உண்டு: ஆண்களோட தந்தம் கீறினது, முதுகில் ரெண்டு ரெண்டா இணையா வெளிர் கோடு, கை அகலத்துக்குள். தாய் முதுகில் நாலஞ்சு கீறல், வெளிர்சாம்பலில், மெல்லிய தூரிகையால் போடுங்க. குட்டிக்கு வேண்டாம்.

தண்ணி நிறத்தை நீலத்திலிருந்து பச்சைச் சாம்பலுக்கு இறக்குங்க. கலங்கல் கடலில் தூரத்தில் இருக்கிற எதுவும் அந்தப் பச்சையில் கரையும். தாயோட தலை முன்னால, வால் பின்னால போனா வால்தான் மங்கும். நீங்க காட்ட வேண்டியதே அதுதானே. அதனால வாலை நம்ம பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்க, தலை லேசா உள்ளே போகட்டும். முதுகில் வெயில் வலைக்கோடு விழறது மேல்மட்டத்துக்குப் பக்கத்தில்தான். தாய் முதுகிலும் குட்டி மேலும் போட்டு, வயித்துக்கும் புல்லுக்கும் விட்ருங்க.

---

சுவர்க்கோடு_சேலம் எழுதியது:

வாலைத் திருப்பிட்டேன், கண்ணையும் சுருக்கிட்டேன். வலது மூலை காலியா இருக்கு. ஆமை கேட்கிறாங்க, வரையலாமா?

---

புல்வெளி_கடல் எழுதியது:

பேராமை வரையுங்கள், அதுவும் கடற்புல் மேய்வதுதான். ஓடு 3 அடிக்குள், பருந்து அலகு போல வளையாத மழுங்கிய மூஞ்சி. முன் துடுப்பில் ஒரே ஒரு நகம். ஆவுளியாவுக்கு அந்த நகத்தையும் போட்டுவிடாதீர்கள்.

---

தூரிகை_ஆழி எழுதியது:

கூர் அலகு அலுங்காமைக்கு, அது பவளப்பாறைக்காரன். புல்வெளியில் பேராமையே சரி.